வயதுக்கு ஒரு பிள்ளை

பிறந்தநாள் விருந்துக்கு எத்தனை பிள்ளைகளைக் கூப்பிடுவது என்பதற்கு எங்கள் தெருவில் ஒரு விதி இருந்தது. வயது எத்தனையோ அத்தனை பேர். ஐந்து வயது நிரம்பினால் ஐந்து பிள்ளைகள், ஆறு நிரம்பினால் ஆறு. அதற்கு மேல் ஒரு பிள்ளை வந்தாலும் ரகளை, செலவு, அழுகை. விதியைச் செய்தவர் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள். அவருடைய கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, சைகோன்வரை போய், பென்ஷனோடு திரும்பியவர். அப்படிப்பட்டவரைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். சொல்தா வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு வருஷம் தவறாமல் கத்தோ வெட்டுவார்கள். கேக்குக்கு அந்த வீட்டில் அதுதான் பெயர்.

எங்கள் குடும்பம் வேறு வகை. நிலத்தை அண்ணன் தம்பிகளிடம் விட்டுவிட்டு டவுனுக்கு உத்தியோகத்துக்கு வந்தவர்கள் நாங்கள். எங்களில் ஒருவனுக்குப் பிறந்தநாள் என்று ஒன்று இருப்பது, அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான் தெரியவரும். அந்தத் தேதியை எழுதிக் கொடுப்பது என் வேலை. ஊரார் மேரி என்று சொல்லும் நகரசபையில், பிறப்பு இறப்பு ஏடுகள் என் மேஜையில் இருந்தன. யார் எப்போது பிறந்தார், யார் இன்னும் சாகவில்லை என்பதெல்லாம் என்னைக் கேட்டால்தான் அரசாங்கத்துக்குத் தெரியும்.

1961 தை மாதம் சொல்தா வீட்டுப் பேரனுக்கு ஏழு வயது நிரம்பியது. அழைக்கப்பட்ட ஏழு பிள்ளைகளில் என் மகளும் ஒருத்தி. விருந்து முடிந்து, தலையில் காகிதத் தொப்பியோடு வந்தவள் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, எனக்கு எப்ப கத்தோ வெட்டுவீங்க?”

“ஒனக்கு எதுக்கு? பல்லு சொத்தையாவும்.”

“எம் பொறந்த நாளு மாசியில வருதுல்ல? போன வருஷம் மாசேரு கிளாஸ்ல படிச்சாங்க. எல்லாரும் கை தட்டுனாங்க.” மாசேர் என்றால் பிள்ளைகள் கன்னியாஸ்திரியைக் கூப்பிடும் பெயர்.

“தட்டுனாங்கல்ல, அது போதும்.”

அவள் தொப்பியைக் கழற்றினாள். “அன்னிக்கு அம்மா ஏன் சாப்ட மாட்டுது?”

நான் தொப்பியை வாங்கி மடிக்கத் தொடங்கினேன்.

“போன வருஷமும் சாப்டல. அதுக்கு முந்தியும் சாப்டல. செவுத்தப் பாத்துப் படுத்துக்குது. நான் பொறந்துட்டேன்னுதான?”

மாசியில் பிறந்தவள் அவள் இல்லை. இதைச் சொல்லாமல் மேலே எழுத முடியாது.

எங்களுக்கு முதலில் ஒரு பெண் பிறந்தாள். 1953 மாசியில், டவுன் ஆஸ்பத்திரியில். மறுநாள் காலையில் அலுவலகம் போய், என் தாயாரின் பெயரை அவளுக்குச் சூட்டி, என் கையாலேயே ஏட்டில் எழுதினேன். அந்த வருஷம் கார்த்திகையில் என் மனைவி குழந்தையோடு தன் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். அரியாங்குப்பம் தாண்டி, எல்லைச் சாவடியையும் தாண்டிய கிராமம். அங்கே காய்ச்சல் கண்டு மூன்றாம் நாள் குழந்தை போய்விட்டது.

அந்தக் கிராமம் அப்போது இந்திய யூனியன். பிரெஞ்சு அரசாங்கத்து எழுத்தனான எனக்கு அது வெளிநாடு. வெளிநாட்டில் நேர்ந்த மரணத்தை எங்கள் ஏட்டில் ஏற்ற, அந்த ஊர் மணியக்காரரின் சான்று வேண்டும். அதன்மேல் தாசில்தாரின் கையொப்பம் வேண்டும். பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வேண்டும். எல்லாம் வந்தபின் பிறப்புப் பதிவின் ஓரத்தில் ஒரு வரி எழுதுவோம். பிறருக்கு இதை ஒரு வாரத்தில் முடித்துக் கொடுத்திருக்கிறேன். என் மகளுக்குச் செய்யவில்லை. துக்கம் என்று சொன்னால் நம்பிவிடுவீர்கள். முதல் மாதம் துக்கம்தான். அதன்பின், தாமதத்துக்கு எழுத்து மூலம் விளக்கம் தரவேண்டுமே என்ற சோம்பல்.

அடுத்த வருஷம் ஐப்பசியில், பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய அந்த வாரத்தில், அதே கிராமத்தில் இரண்டாவது பெண் பிறந்தாள். மேரியில் அன்றைக்கு யார் மேலதிகாரி என்பதே யாருக்கும் தெரியாது. இவள் பிறப்பை நான் எழுதவே இல்லை. என் தாயாரின் பெயரை யாராவது சுமந்தாக வேண்டும் என்று அதே பெயரை வைத்தோம். பள்ளியில் சேர்க்கப் பிறப்பு நகல் கேட்டார்கள். ஏட்டைத் திறந்தேன். அந்தப் பெயரில், எனக்குப் பிறந்த பெண் ஒருத்தி, ஓரத்தில் எந்தக் குறிப்பும் இல்லாமல் உயிரோடு இருந்தாள். நகல் எடுத்து, முத்திரை குத்தி, கையொப்பத்துக்கு வைத்தேன். என் இளைய மகள் வயதில் ஒன்றே முக்கால் வருஷம் கூடிப்போய்ப் பள்ளிக்குப் போனாள். வகுப்பில் எல்லாரையும்விடக் குள்ளம். பிள்ளைக்குக் கீரை கொடுங்கள் என்று மாசேர் சீட்டெழுதி அனுப்பினார்.

மூத்தவள் இறந்த நாள் என் மனைவிக்கு நினைவில்லை. காய்ச்சலின் மூன்று நாட்களும் அவளுக்கு ஒன்றாகிவிட்டன. பிறந்த நாள்தான் நினைவிருந்தது. அந்த நாளில் அவள் அடுப்பு மூட்டுவதில்லை.

குழந்தையிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆறு வயதுப் பிள்ளையிடம் சொன்ன ரகசியம் மறுநாள் மாசேரின் மேஜைக்குப் போகும், அங்கிருந்து என் மேலதிகாரியின் மேஜைக்கு வரும் என்றும் தோன்றியது. ஏடு வைத்திருப்பவனே சாவை மறைத்து நகல் கொடுத்தால், முதலில் வேலை போகும். அதற்குப் பிறகு என்னென்ன போகும் என்பதும் எந்தெந்தப் பிரிவின்படி என்பதும் எனக்கு மனப்பாடம். ஆகவே வேறு வழி கண்டுபிடித்தேன். அந்த நாளிலேயே ஒரு விருந்து. அடுப்பு எரியட்டும், பிள்ளைகள் சிரிக்கட்டும், அம்மா ஒரு துண்டு கத்தோவை வாயில் போட்டுக்கொள்ளட்டும். குழந்தையின் சந்தேகம் தீர்ந்துவிடும். அந்த வருஷம் அந்த நாள் வியாழக்கிழமையில் விழுந்தது. வியாழக்கிழமை அவள் பள்ளிக்கு விடுமுறை. தட்டிக்கழிக்கக் காரணமும் இல்லை.

மனைவி அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தபோது சொன்னேன்.

“எந்த நாளு?” என்றாள்.

“ஏட்டுல இருக்கற நாளுதான்.”

“அன்னிக்கு நான் எங்கையால பாயசம் வைக்கணுமா?”

“பாயசம் வேணாம். சர்பத்து போதும்.”

இப்படித்தான் சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி அரியத் தொடங்கினாள். குழந்தை கேட்டதை அப்படியே சொன்னேன். கத்தி நின்றது.

“எங்கிட்ட கேக்கலியே அவ.”

“ஒங்கிட்ட எப்படிக் கேப்பா? நீதான் செவுத்தப் பாத்துப் படுத்திருக்கியே.”

நறுக்கியது, நறுக்காதது எல்லாவற்றையும் ஒரே முறத்தில் போட்டுக்கொண்டு எழுந்தாள். “செய்ங்க” என்றாள்.

விருந்துக்கு ஆலோசனை கேட்கச் சொல்தா வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் என்னைக் கண்டதும் ஆரம்பித்துவிட்டார்.

“இன்னா தம்பி, மேரியில ஊருப் புள்ளைங்க பொறந்த நாளெல்லாம் எழுதற. யாருக்காச்சும் ஒரு முட்டாயி வாங்கிக் குடுத்துருப்பியா? இப்பத்தான் புத்தி வந்துதா?”

“செலவு கையக் கடிக்காம செய்யணும்மா.”

“கடிக்காம செய்யலாம். கத்தோவ கடையில வாங்காத, அவன் முட்டைய மோந்து பாத்துட்டு வெச்சிடுவான். நீ முட்டையும் சர்க்கரையும் குடு, நான் சட்டியில போட்டுத் தரேன். ரம்மு எங்கூட்டுல இருக்குது.”

உள்ளே சாய்வு நாற்காலியில் படுத்திருந்த சொல்தாவின் குரல் வந்தது. “அந்த ரம்மத் தொடாத.”

“ஒரு மூடிதான்.”

“ஒம் மூடி எவ்ளோ பெரிசுன்னு எனக்குத் தெரியும்.”

“தூங்கறவரு தூங்குங்க” என்று உள்பக்கம் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார். “நாலு மணிக்கு ஆரம்பி, ஆறு மணிக்கு அனுப்பிடு. மொதல்ல ஆட்டம், அப்புறம் தீனி. வயிறு நெறஞ்ச புள்ள ஆடாது, வாந்தி எடுக்கும். கத்தோ கடேசியில. அத மொதல்ல வெட்டுனா அப்புறம் ஒம் முறுக்க எவன் தின்னுவான்? போவும்போது ஆளுக்கு ஒரு பொட்டலம் பொரிகடல. பரிசு கொண்டாறக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லிடு, இல்லாட்டி நாள பின்ன நீ திருப்பிச் செய்யணும். எட்டு வயசுதான? எட்டு புள்ள. ஒம் பொண்ணு நீங்கலா.”

நான் அறிந்த அரசாங்கச் சுற்றறிக்கைகளில் பாதிகூட இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக்கொண்டேன்.

தொப்பிகளுக்குக் காகிதம் வாங்கவில்லை. கொடி மாறியபின் பயன்படாமல் போன பிரெஞ்சுப் படிவங்கள் அலுவலகத்தில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. நல்ல தடித்த காகிதம். பிறப்புப் படிவங்கள் தீர்ந்துபோயிருந்தன. மிச்சம் இருந்தவை இறப்பு அறிவிப்புப் படிவங்கள். அச்சிட்ட பக்கத்தை உள்ளே மடித்து, கூம்பாகச் சுருட்டி, சோற்றுப் பசையால் ஒட்டி, வெளியே சிவப்பு மசியில் நட்சத்திரம் போட்டேன். கழுதைக்கு வால் ஒட்டும் விளையாட்டுக்கு ஒரு கழுதையும் வரைந்தேன். மெழுகுவத்திக்கு, மாதா கோயில் வாசலில் விற்கும் மெல்லிய வத்தியில் நாலு வாங்கி, பாதிப்பாதியாக வெட்டினேன். எட்டு ஆயிற்று. அரைநாள் விடுப்புக்கு விண்ணப்பம் எழுதியபோது, காரணம் என்ற இடத்தில் “குடும்பம்” என்று போட்டேன். அதில் பொய் இல்லை.

அன்று காலையில் என் மனைவி குளித்துவிட்டு அடுப்பு மூட்டினாள். எட்டு வருஷத்தில் அந்த நாளில் முதல் முறை. முறுக்குச் சுட்டாள், கேசரி கிளறினாள், எலுமிச்சம்பழம் பிழிந்தாள். ஒரு வேலையும் நிற்கவில்லை. மகள் அடுக்களை நிலைப்படியில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நீ சாப்ட்டியா?”

“சாப்பிடறேன்.”

சிறிது நேரம் கழித்து, “இப்ப சாப்ட்டியா?”

“கத்தோ வெட்டட்டும், சாப்பிடறேன். போயி தலை வாரு.”

மத்தியானமும் கேட்டாள். பிள்ளைகள் வந்த பிறகும் ஆட்டத்தின் நடுவில் ஓடிவந்து கேட்டுவிட்டுப் போனாள். மற்ற எட்டுப் பேருக்கும் அது விருந்து. அவளுக்கு ஒரே ஒரு காரியம்தான். அம்மா சாப்பிடுகிறாளா.

விருந்து நன்றாகவே நடந்தது. சொல்தா மவுத் ஆர்கன் வாசிக்க, பிள்ளைகள் நாற்காலிகளைச் சுற்றி ஓடினார்கள். வாசிப்பை எங்கே நிறுத்துவது என்பதில் அவர் பட்டாளத்து நேர்மையோடு இருந்தார். தன் பேரனையே முதலில் வெளியேற்றினார். கழுதையைப் பார்த்த பிள்ளைகள் அது நாயா ஆடா என்று தகராறு செய்தார்கள். முறுக்கு தீர்ந்தது. சர்பத்து பத்தாமல் தண்ணீர் கலந்தோம், யாரும் கவனிக்கவில்லை. குறைந்த செலவில் பிள்ளைகளை மகிழ்விக்க முடியும் என்பதற்கு அத்தாட்சி கேட்டால் அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தைக் காட்டுவேன்.

பிறகு மனைவி உள்ளேயிருந்து கத்தோவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். வத்திகளைக் கொளுத்தியே கொண்டுவந்திருந்தாள். பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். மகளின் வகுப்பில் முதல் மார்க்கு வாங்கும் உயரமான பெண் ஒருத்தி, விரல் நீட்டி எண்ணினாள்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு… ஆறுதான் இருக்குது. ரெண்டு கொறையுது அத்தே.”

“எட்டு குடுத்தாரே ஒம் புருஷன்” என்றார் சொல்தா வீட்டு அம்மாள். “எலி தின்னுடுச்சா?”

“கொறையல” என்றாள் என் மனைவி. “அவளுக்கு ஆறுதான்.”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கடைக்காரனிடம் அளவு சொல்வதுபோலச் சொன்னாள். சிரிப்பு நின்றது. உயரமான பெண் என் மகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

“ஆறா? அதான் குள்ளமா இருக்குறா! அப்ப எட்டுன்னு ஏன்டி பொய் சொன்ன?”

“நான் சொல்லல. மாசேருதான் படிச்சாங்க.”

“பொய்க்காரி.”

“ஆறு வயசு பாப்பா!” என்றான் சொல்தாவின் பேரன்.

மகள் என்னைப் பார்த்தாள். அவள் அம்மாவும் என்னைப் பார்த்தாள். அந்தக் கணத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால்கூடப் போதும். ஆனால் எனக்கு என்ன செய்யவேண்டும் என்பது தெரியும்; எப்போதும் தெரியும். அடுக்களைக்குப் போனேன். தட்டில் இரண்டு பாதி வத்திகள் இருந்தன. எடுத்துவந்து கத்தோவில் குத்திக் கொளுத்தினேன்.

“அம்மாவுக்கு எண்ணத் தெரியல” என்று பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தேன்.

எட்டுப் பிள்ளைகளும் சிரித்தார்கள். என் மகள்தான் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தாள். ஒரே மூச்சில் எட்டையும் ஊதி அணைத்தாள். முதல் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு, நேராக அம்மாவின் வாயருகே நீட்டினாள்.

என் மனைவி அதைக் கையில் வாங்கிக்கொண்டாள். “அப்புறம்” என்றாள்.

ஆறு மணிக்குப் பொட்டலங்களோடு பிள்ளைகள் போனார்கள். மகள் என்னிடம் வந்து, “அம்மா சாப்டல” என்றாள். அழவில்லை. முடிவு தெரிந்துவிட்ட காரியத்தைத் தெரிவிப்பதுபோல இருந்தது. உள்ளேயிருந்து அவள் அம்மா கூப்பிட்டாள். நான் வெளி அறையில் தொப்பிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது.

“ஒனக்கு முன்னாடி ஒருத்தி இருந்தா. ஒம் பேருதான் அவளுக்கும். இது அவ நாளு.”

“அவ எங்க?”

“செத்துட்டா. கைக்கொழந்தையா இருந்தப்பவே. அவளுக்காவத்தான் நான் பட்டினி கெடக்கறேன். ஒனக்காவ இல்ல.”

பிறகு குழந்தை கேட்டாள். “அப்ப நான் எப்ப பொறந்தேன்?”

“ஐப்பசியில. மழ கொட்டிக்கிட்டு இருந்துச்சு. அன்னிக்கு நான் ரெண்டு ஆளு சோறு சாப்ட்டேன்.”

குழந்தை தூங்கிய பிறகு மனைவி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். “செத்தவ செத்துட்டான்னு எழுதிடுங்களேன். இவ நாள இவளுக்குக் குடுத்துடலாம்.”

நான் விளக்கினேன். காலங்கடந்த மரணத்துக்கு நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். பதியாத பிறப்புக்கு வேறொரு தீர்ப்பு வேண்டும், சாட்சிகள் வேண்டும். இரண்டும் வந்தால் பள்ளிக்குக் கொடுத்த நகல் பொய்யாகும். பொய் நகலுக்கு யார் பொறுப்பு என்று கேட்பார்கள். ஏட்டின் ஒரு பிரதி ஏற்கெனவே கப்பலேறிப் பாரிசுக்குப் போய்விட்டது. எதையும் விடாமல், வரிசை பிசகாமல் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள்.

“இவ்வளவும் தெரிஞ்சவரு” என்றாள். அதற்குமேல் அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை.

குழந்தை யாரிடமும் சொல்லவில்லை. வகுப்பில் அவளைப் பொய்க்காரி என்றும் பாப்பா என்றும் கொஞ்ச நாள் கூப்பிட்டார்கள். அப்போதும் சொல்லவில்லை. ஆறு வயதின் வாயைப் பற்றி நான் போட்ட கணக்கு தவறு. அந்தக் கணக்கை வைத்துத்தான் விருந்தே ஏற்பாடு செய்திருந்தேன்.

ஐப்பசி வந்தது. ஒரு நாள் மாலை அலுவலகத்திலிருந்து திரும்பினால் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக் கொல்லையில் பிள்ளைகளின் இரைச்சல், மவுத் ஆர்கன். இடைச்சுவர் என் நெஞ்சளவு உயரம். எட்டிப் பார்த்தேன். வகுப்புப் பிள்ளைகள் ஒருவரும் இல்லை. எல்லாம் தெருப் பிள்ளைகள், என் மகளின் உயரத்தில் இருந்தவர்கள். கத்தோவை வெட்டி முடித்திருந்தார்கள். என் மனைவி கன்னம் உப்ப மென்றுகொண்டிருந்தாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மகள் அவள் வாயையே பார்த்தபடி நின்றாள்.

சொல்தா வீட்டு அம்மாள் என்னைக் கண்டுவிட்டார். “ஏழு வயசு, ஏழு புள்ள” என்றார், நின்ற இடத்திலிருந்தே. “அவ்ளோதான் தம்பி கணக்கு.” வழக்கமான கிண்டல் அந்தக் குரலில் இல்லை. எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்திருந்தது.

மனைவி திரும்பிப் பார்த்தாள். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு அடுத்த துண்டை எடுத்தாள்.

மகள் சுவரருகே ஓடிவந்தாள். தட்டு ஏதும் கொண்டுவரவில்லை.

“அப்பா, இத எழுதிடாதீங்க.”

“எத?”

“இந்த நாள. மேரியில எழுதிடாதீங்க.”

“ஏம்மா?”

“நீங்க எழுதுனா இதுவும் அக்காவோடதா ஆயிடும்.”

சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். சாவி மனைவியிடம் இருந்தது. கேட்கத் தோன்றாமல், விருந்து முடியும்வரை கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வந்தேன்.

கொடி எப்போதோ மாறியிருந்தாலும், ஆட்சி காகிதத்தில் முறைப்படி கைமாறியது அடுத்த ஆண்டுதான். பழைய ஏடுகளை ஒப்படைப்பதற்குமுன் பக்கம் பக்கமாகச் சரிபார்க்கும்படி உத்தரவு வந்தது. விட்டுப்போன குறிப்புகள் இருந்தால் விளக்கம் கேட்காமல் ஏற்றிக்கொள்ளலாம் என்று மேலதிகாரி வாய்மொழியாகச் சொன்னார். அப்படி ஒரு சலுகையை என் உத்தியோகத்தில் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சக எழுத்தர் ஒருவர் பக்கத்தைப் புரட்டிப் பெயரைப் படிப்பார். நான் ஓரத்தைப் பார்த்து, எழுதவேண்டியது உண்டு, இல்லை என்று சொல்லவேண்டும். 1953 மாசிப் பக்கத்தில் என் தாயாரின் பெயரைப் படித்தார்.

“ஒங்க பொண்ணுதான? இங்க எழுத ஏதாவது இருக்குதா?” என்றார் சிரித்துக்கொண்டு.

பேனாவில் மசி இருந்தது. மகள் கேட்டுக்கொண்டபடிதான் நடக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அன்றைக்கு மிக வசதியாக இருந்தது. அவள் எழுதவேண்டாம் என்றது தன் நாளை. அக்காவின் சாவைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

“இல்ல” என்றேன். அவர் பக்கத்தைப் புரட்டினார்.